தூய நீரும் நம் பொறுப்பும்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இன்று புதுமனை புகுவோர் வாங்கும் பொருள்களுள் ஆர்.ஓ. எனப்படும் குடிநீர்க் கருவியும் ஒன்றாகிவிட்டது. அடுக்களைச் சுவரில் அது மாட்டப்பெற்ற அன்றே குடிநீர்க் கவலை தீர்ந்ததென நம்மவர் நிறைவடைகின்றனர். கவலை உண்மையில் தீர்ந்ததா, அன்றி இடம் மாறிற்றா என்பதே நாம் இங்கு ஆராய விழையும் வினா.

மேற்கே செஞ்சியின் பாறை நிலம். கிழக்கே மரக்காணத்தின் உப்பளங்கள். இவ்விரண்டையும் தன்னகத்தே கொண்ட நம் மாவட்டத்தில் நிலத்தடி நீரின் சுவை ஊருக்கு ஊர் மாறுவதில் வியப்பில்லை. பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கும் நீர் கால்சியம், மக்னீசியம் முதலிய உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. சோப்பு நுரையாமையும், காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெண்படிவு சேர்வதும் அதன் அடையாளங்கள். காய்ச்சினால் கிருமிகள் மடியும். ஆனால் கரைந்த உப்புகளிற் பெரும்பகுதி நீங்காது. அந்த உப்பை நீக்க வந்ததே இக்கருவி.

இதன் இயக்கத்தை எளிதில் விளக்கலாம். உலர்ந்த திராட்சையை நீரில் இட்டால் அது பருக்கிறது. தோலின் நுண்துளைகள் வழியே வெளியிலுள்ள நீர் உள்ளேயுள்ள அடர்ந்த கரைசலை நோக்கிச் செல்வதே காரணம். இதனைச் சவ்வூடு பரவல் என்பர். உப்பு மிகுந்த பக்கத்தில் அழுத்தம் கொடுத்தால் இயற்கை எதிர்த்திசையில் நடக்கும்: நீர் சவ்வைக் கடந்து வெளியேறும்; உப்பு பின்தங்கும். இதுவே எதிர்ச் சவ்வூடு பரவல். 1960ஆம் ஆண்டையொட்டிக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பாரும், இந்தியாவிற் பிறந்த சீனிவாச சௌரிராஜன் என்பாரும் இதற்கேற்ற சவ்வை உருவாக்கிய பின்னரே இம்முறை நடைமுறைக்கு வந்தது. சென்னையை அடுத்த மீஞ்சூரில் 2010இலும், நெம்மேலியில் 2013இலும் தொடங்கப்பெற்ற கடல்நீர் நிலையங்களும் இதே நெறியில் அமைந்தவையே.

வீட்டுக் கருவியில் முதல் வடிகட்டி மண்ணையும் துருவையும் தடுக்கும். அடுத்துள்ள கரி, சவ்வைக் கெடுக்கவல்ல குளோரினை ஈர்க்கும். பின்னர்ச் சிறு பம்பு நீரை அழுத்திச் சவ்வினுள் செலுத்தும். இவற்றை உரிய காலத்தில் மாற்றாவிடில், காசு கொடுத்து வாங்கிய கருவியே நீரைக் கெடுக்கும் கலமாகிவிடும்.

இனி, நாம் மறக்கும் பக்கத்தைக் காண்போம். சவ்வில் உப்பு தங்கி அடைத்துவிடாதிருக்க, உள்ளே சென்ற நீரின் ஒரு பகுதி அவ்வுப்பை அடித்துக்கொண்டு வெளியேற வேண்டும். நான்கு லிட்டருக்கு ஒரு லிட்டர் குடிநீர் தரும் கருவியில், நாளொன்றுக்கு 20 லிட்டர் பெற 60 லிட்டர் கழிவாகிறது. ஆயிரம் வீடுகளுக்கு இது 60,000 லிட்டர்! இந்நீர் நஞ்சன்று. லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புள்ள நீரை இவ்வாறு வடித்தால் கழிவில் உப்பு ஏறத்தாழ 1,300 மில்லிகிராம் ஆகும், அவ்வளவே. தரை துடைக்கவும், கழிப்பறைக்கும், பாத்திரத்தை முதலில் அலசவும் அது தாராளமாகப் பயன்படும். கருவியின் குழாயைச் சாக்கடையில் விடாமல் ஒரு வாளியில் விடுதல் அரிய செயலன்று.

அனைவருக்கும் இக்கருவி வேண்டுமா? இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டுத் தரவரையறை, குடிநீரில் கரைந்துள்ள திண்மங்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்புடையதெனவும், வேறு நீர் கிட்டாவிடில் 2,000 வரை பொறுக்கலாமெனவும் கூறுகிறது. 500க்குக் குறைந்த இடங்களில் இக்கருவியைத் தடைசெய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதத்தில் ஆணையிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சட்டம் எவ்வாறாயினும் அறிவு கூறுவது ஒன்றே: முதலில் நீரைச் சோதிக்க வேண்டும், பிறகே கருவியை வாங்க வேண்டும். கிருமிதான் குறையெனில் காய்ச்சுதலே போதும். உவர்ப்பும், மிகைப்பட்ட புளோரைடும் குறையெனில் இக்கருவி உதவும்.

விற்பனையாளர் சிலர் இரு கம்பிகளை நீரில் இட்டு மின்சாரம் பாய்ச்சி, எழும் பழுப்பு வண்டலைக் காட்டி அச்சுறுத்துவதுண்டு. அவ்வண்டலிற் பெரும்பகுதி இரும்புக் கம்பி அரிந்து வந்த துருவேயன்றி நம் நீரிலிருந்த அழுக்கன்று. வடித்த நீரில் உப்பு குறைவாதலின் மின்சாரம் அதிகம் பாய்வதில்லை. எனவே அது தெளிந்தே நிற்கிறது. வேதியியல் பயிலும் நம் மாணவர் இதனைத் தத்தம் தெருவில் விளக்கினாலே பலருடைய பணம் மிஞ்சும்.

இவை யாவற்றினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. வசதியுள்ளோர் வீட்டில் கருவி வந்ததும், தெருக்குழாயின் தூய்மை குறித்துக் கேட்கும் குரல் அடங்கிவிடுகிறது. அடுத்த வீட்டு ஏழை கேன் நீரை விலைக்கு வாங்குகிறார். அல்லது குழாயில் வருவதைக் குடிக்கிறார். கேட்கும் வல்லமை உடையோர் ஒதுங்கினால், கேட்க இயலாதோர்க்கு யார் துணை?

2024ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. உப்பற்ற நன்னீர் அத்துணையும் ஊரை மூழ்கடித்துக் கடல் நோக்கி ஓடிற்று. 1,000 சதுர அடிக் கூரையில் 10 செ.மீ. மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் கிட்டும். அந்நீர் நிலத்துள் இறங்கினால் கிணற்றின் உவர்ப்பும் காலப்போக்கில் தணியும். 2003இல் நம் மாநிலத்தில் கட்டாயமாக்கப்பெற்ற மழைநீர்த் தொட்டிகளுள் எத்தனை இன்று தூர்ந்து கிடக்கின்றன என்பதை அவரவர் வீட்டு முற்றமே சொல்லும்.

ஆதலின், கருவியை வேண்டாமென நாம் கூறவில்லை. தேவையுள்ளோர் சோதித்து வாங்குக. கழிவு நீரை வீணாக்காதிருக்க. மழைநீர்த் தொட்டியைத் தூர்வாருக. பெரியோர் தெருக்குழாய் நீரின் ஆய்வு முடிவை நகராட்சியில் ஆண்டுதோறும் கேட்டுப் பெறுக. சவ்வு காப்பது ஒரு வீட்டை; ஊரைக் காப்பது நம் கூட்டுப் பொறுப்பேயாம்.