டைட்டிலில் பெயர் வருகிறதா?

ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு டிரம்ஸ் வாசித்த மிட்ச் மிட்செல், பேஸ் வாசித்த நோயல் ரெடிங் இருவரும் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் உரிமையைப் பெற்ற நிறுவனங்கள் சோனி மியூசிக் மீது தொடுத்த வழக்கை விசாரணை இல்லாமலே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று சோனி கேட்டது. லண்டன் உயர்நீதிமன்றம் 2024 ஜனவரியில் அதற்கு மறுத்துவிட்டது. ஒலிப்பதிவின் பதிப்புரிமையிலும் நிகழ்த்துநர் உரிமையிலும் இருவருக்கும் பங்கு உண்டா என்பதை முழு விசாரணையில்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார் நீதிபதி மைக்கேல் கிரீன். அது இறுதித் தீர்ப்பு அல்ல. ஆனாலும் மூன்று பேர் சேர்ந்து வாசித்த மூன்று ஆல்பங்களை ஒருவர் பெயரில் மட்டும் எழுதிக்கொள்ளலாமா என்ற கேள்வி நீதிமன்றம் ஏறிவிட்டது. இதில் நமக்கு என்ன என்று கேட்ட வாசகர்களுக்கு இந்த இதழ் பதில் சொல்லியாக வேண்டும்.

சட்ட வாதத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தயாரிப்பாளர்களோடு 1966 அக்டோபரில் மூவரும் போட்ட ஒப்பந்தமும், ஹென்ட்ரிக்ஸ் இறந்த பிறகு 1970-களின் தொடக்கத்தில் ஒரு தொகை வாங்கிக்கொண்டு இருவரும் எழுதிக்கொடுத்த விடுவிப்பும் சோனியின் கையில் இருக்கும் ஆயுதங்கள். சிடியும் ஸ்ட்ரீமிங்கும் பிறக்காத காலத்துக் காகிதங்கள் அவை. பிரிட்டனில் நிகழ்த்துநருக்குச் சொத்துரிமை வந்தது 1996 டிசம்பரில். பழைய வாசிப்புகளுக்கும் அது செல்லும். அன்று இருவரும் உயிரோடு இருந்தார்கள். தம் கையில் இல்லாத ஓர் உரிமையை 1973-ல் ஒருவர் எப்படி எழுதிக்கொடுத்திருக்க முடியும்? விசாரணையின் முடிவு எதுவானாலும் இந்தக் கேள்வி சரியான கேள்வி.

வக்கீல்களால் சொல்ல முடியாத ஒன்றை வாசிக்கிறவர்கள் நாம் சொல்லலாம். லண்டனுக்கு வருவதற்கு முன்பு ஹென்ட்ரிக்ஸும் பக்கத்தில் நின்று வாசித்தவர்தான். லிட்டில் ரிச்சர்டுக்கும் ஐஸ்லி பிரதர்ஸுக்கும் கூலிக்குக் கிடார் வாசித்தவர். 1966 செப்டம்பரில் தயாரிப்பாளர் சாஸ் சாண்ட்லர் அவரை லண்டனுக்கு அழைத்து வந்தார். ரெடிங் அப்போது கிடார் வேலை தேடி வந்த கிடார்காரர். கையில் பேஸைக் கொடுத்தார்கள். மிட்செல் ஜார்ஜி ஃபேமின் குழுவில் வாசித்துவிட்டு வந்தவர். காதில் எல்வின் ஜோன்ஸ் ஓடிக்கொண்டிருந்த ஜாஸ் கை.

இந்தச் சேர்க்கையில் என்ன நடந்தது என்பதற்கு 'மேனிக் டிப்ரஷன்' பாட்டு போதும். மும்மூன்றாக உருளும் நடை. கிடாரின் ரிஃப் ஏறி இறங்கி அதே இடத்துக்குத் திரும்பிவருகிறது. டாமிலும் ஸ்னேரிலும் மிட்செலின் கை ஒரு பாருக்கும் ஓய்வதில்லை. ராக் பாட்டில் டிரம்மர் காலத்தைக் காப்பார், கிடார் அலையும் என்பது அன்றைய வழக்கம். இங்கே கிடார் காவல் காக்கிறது, டிரம்ஸ் அலைகிறது. 'ஃபயர்' கேளுங்கள். ரிஃபில் ஹென்ட்ரிக்ஸ் விடும் இடைவெளி ஒவ்வொன்றும் டிரம்ஸுக்கென்று விட்டது. அந்த இடைவெளியை நம்பிக் கொடுக்க எதிரே ஆள் இருந்ததால்தான் கிடார் அத்தனை சிக்கனமாக வாசிக்கிறது. 'தேர்டு ஸ்டோன் ஃப்ரம் தி சன்'னில் ரைடு சிம்பல் ஸ்விங்கில் போகிறது. அதன் மேல் கிடார் ஆக்டேவ்களில் மெதுவாக மிதக்கிறது. கீழே நேர் எட்டுகளில் ஒரு சாதாரண பீட் ஓடியிருந்தால் அந்த மெலடிக்கு அந்த நிதானம் வந்திருக்காது.

ரெடிங்கை எல்லோரும் குறைத்துப் பேசுவார்கள். பிக்கால் வாசித்தார், பெரிய வேலை ஒன்றும் செய்யவில்லை என்பார்கள். மூன்று பேர் மட்டும் இருக்கும் குழுவில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வீட்டை விட்டு வெளியே போனால் ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். ரெடிங் வீட்டில் இருந்தார். மேடையில் பேஸ் வாசித்த யாருக்கும் இது எவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரியும். செய்தால் யாருக்கும் கேட்காது. ஒரு பார் செய்யாமல் விட்டால் அரங்கத்துக்கே கேட்கும்.

பக்கத்தில் இருப்பவர்களின் பங்கை நிரூபிக்க வேறு ஆள் வேண்டாம், ஹென்ட்ரிக்ஸே போதும். 1969 கடைசி இரவிலும் 1970 முதல் நாளிலும் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்டில் அவர் வாசித்தபோது பேஸில் பில்லி காக்ஸ், டிரம்ஸில் பட்டி மைல்ஸ். மைல்ஸ் கனமான பேக்பீட்டை வைத்து அதை விட்டு அசையாதவர். காக்ஸ் ஒரு வரியைப் பிடித்தால் அதையே திரும்பத் திரும்ப ஆழமாக்கிக்கொண்டு போவார். அந்தத் தரையில் நின்று 'மெஷின் கன்'னில் ஹென்ட்ரிக்ஸ் வாசிப்பது முற்றிலும் வேறு கிடார். ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்து ஃபீட்பேக்கில் அழ விடுகிறார், அவசரமே இல்லை. அதே ஸ்ட்ராடோகாஸ்டர், அதே மார்ஷல், அதே கை. மாறியது பக்கத்தில் இருந்தவர்கள்.

எதிர்த்தரப்பு ஒரு பாட்டை எடுத்துக்காட்டும்: 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்'. ரெக்கார்டிங் நடுவில் ரெடிங் ஸ்டுடியோவை விட்டுப் போய்விட்டார். ஆல்பத்தில் நாம் கேட்கும் பேஸ் ஹென்ட்ரிக்ஸ் தாமே வாசித்தது. உண்மை. அந்தப் பாட்டின் பேஸுக்கு ரெடிங் பெயரில் பங்கு கேட்டால் அது நியாயம் ஆகாது. அதே 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' ஆல்பத்தின் நீண்ட 'வூடூ சைல்' பாட்டில் பேஸ் ஜாக் கேசடி, ஆர்கன் ஸ்டீவ் வின்வுட். இதையெல்லாம் ஐம்பது ஆண்டு கழித்தும் பாட்டு பாட்டாகப் பிரித்துச் சொல்ல முடிகிறது என்பதைக் கவனியுங்கள். யார் எதை வாசித்தார்கள் என்ற பதிவு அங்கே இருக்கிறது. அதனால் உரிமை இருப்பவருக்கும் வழக்கு இருக்கிறது, இல்லாதவரை விலக்கவும் வழி இருக்கிறது.

இசையமைப்பில் பங்கு கேட்பது வேறு விஷயம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டின் ஆர்கன் பகுதிக்காக மேத்யூ ஃபிஷருக்கு 40 சதவீதப் பங்கை 2009-ல் பிரபுக்கள் சபை உறுதி செய்தது இசையமைப்பாளர் என்ற முறையில். நிகழ்த்துநர் உரிமைக்கு ஒரு சுரம்கூடச் சொந்தமாக அமைத்திருக்க வேண்டியதில்லை. வாசித்திருந்தால் போதும்.

கோடம்பாக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் வந்தபோது 38ஏ, 38பி பிரிவுகளைக் கொண்டாடினோம். இந்த இதழும் கொண்டாடியது. நிகழ்த்துநருக்கு ராயல்டி உண்டு, பெயர் கேட்கும் உரிமை உண்டு, வாசித்ததைச் சிதைத்தால் தடுக்கும் உரிமை உண்டு. அதே திருத்தம், நிகழ்த்துநர் யார் என்று சொல்லும் 2(கியூகியூ) வரையறையின் அடியில் ஒரு வரம்புரையையும் ஒட்டவைத்தது. திரைப்படத்தில் ஒருவரின் வாசிப்பு தற்செயலானதாகவோ இடைநிகழ்வாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் டைட்டில் உட்பட எங்கும் போடப்படாவிட்டால், அவர் நிகழ்த்துநரே அல்ல. சிதைப்பைத் தடுக்கும் கூறு ஒன்றுக்கு மட்டும் நிகழ்த்துநர். அதாவது பெயர் கேட்கும் உரிமை ஏற்கெனவே பெயர் போடப்பட்டவருக்குத்தான். பெயர் போடாமல் விடப்பட்டவருக்கு, பெயர் போடாமல் விட்டதே உரிமையைப் பறிக்கும் காரணம். யார் பெயரைப் போடுவது என்பது தயாரிப்பாளர் கையில். உரிமையைத் தரவேண்டியவரே அது பிறக்குமா என்பதையும் முடிவு செய்கிறார்.

இரண்டு நிபந்தனையும் சேர்ந்தால்தான் வரம்புரை பொருந்தும், இன்டர்லூடில் எட்டு பார் சோலோ வாசித்தவரைத் தற்செயல் என்று எந்த நீதிமன்றம் சொல்லும் என்று வழக்கறிஞர் நண்பர்கள் சமாதானம் சொல்கிறார்கள். நீதிமன்றம் வரை போகிறவருக்கு அது சரி. ஒரு கால்ஷீட் பேட்டாவுக்கு வந்து போகிறவர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்?

சில ஆண்டுகளுக்கு முன்பு இறந்துபோன ஒரு பேஸ் கலைஞரின் மனைவியோடு நான் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கணவர் இருபத்தெட்டு வருடம் எழுதிவைத்த நோட்டுகளை அந்த அம்மா துணிப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். தேதி, ஸ்டுடியோ, பாட்டின் முதல் அடி, எத்தனை டேக், வாங்கிய தொகை, எல்லாம் நீல மையில். அங்கிருந்தவர் பொறுமையானவர்தான், நாலைந்து பக்கம் புரட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "டைட்டில்ல பேர் வருதா சார்?" வராது என்றேன். "அப்போ எங்களால ஒண்ணும் பண்ண முடியாதும்மா." அந்த அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு, இந்தப் பாட்டெல்லாம் தினமும் ரேடியோவில் வருகிறதே என்று மட்டும் கேட்டார். 1995-க்கு முந்திய வாசிப்புக்கு உரிமை உண்டா என்ற சட்டச் சிக்கல் அவருக்குத் தெரியாது. அன்று அந்தச் சிக்கல் வரை பேச்சு போகவும் இல்லை. முதல் கேள்வியிலேயே முடிந்துவிட்டது.

நம்முடைய உலகம் வேறு, இங்கே நோட்டேஷன் முழுக்க இசையமைப்பாளர் எழுதுவது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். இளையராஜா எழுதிக்கொடுத்த தாளில் மாற்ற ஒன்றும் இருக்காது. அது அவருடைய மேதைமை. அந்த பேஸ் வரியைச் சசிதரன் விரலால் அழுத்திய அழுத்தமும், சதானந்தத்தின் கிடார் தொனியும், விஜி மேனுவலின் கீபோர்டு தொடுகையும், புருஷோத்தமனின் ஹை-ஹேட்டும் எந்தத் தாளில் எழுதியிருந்தன? எண்பதுகளின் பாட்டு என்று நாம் இரண்டு நொடியில் கண்டுபிடிப்பது சுரத்தை மட்டும் வைத்தா? அதே நோட்டேஷனை இன்று வேறு நால்வர் வாசித்தால் சுரம் சரியாக இருக்கும், சத்தம் வேறாக இருக்கும். ஹென்ட்ரிக்ஸின் வழக்கில் மிட்செலுக்கு இருக்கும் இடம் இதுதான். ரஹ்மான் தம் ஆல்பங்களின் உறையில் வாத்தியக்காரர்கள் பெயரை அச்சிட்டார். அதனால் நவீனின் புல்லாங்குழலையும் கீத் பீட்டர்ஸின் பேஸையும் ரசிகர்களுக்குப் பெயரோடு தெரிந்தது. அதனால் ரஹ்மானின் பெருமை ஒரு துளியும் குறையவில்லை.

இந்த வரம்புரையை எழுதியவர்கள் யாரும் ஒரு ரீரெக்கார்டிங் ஹாலில் ஒரு நாள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். கூட்டத்தில் நடந்துபோகும் துணை நடிகரை மனத்தில் வைத்து எழுதிய வரி, ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை தாங்கிப் பிடிக்கும் ரிதம் செக்‌ஷன் மேல் விழுந்திருக்கிறது. நிகழ்த்துநர்களுக்கென்று 2013-ல் பதிவான சங்கத்தின் பெயரில்கூட முதலில் பாடகர்கள் மட்டும்தான் இருந்தார்கள். இசைக்கலைஞர் என்ற சொல் பிறகே சேர்ந்தது. பதிப்புரிமை 2016-ல் மனிதவளத் துறையிலிருந்து தொழில்துறைக் கொள்கைத் துறைக்கு மாறியது. இடம் மாறிய கோப்போடு இந்த வரியும் மாறாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், தயாரித்தவர் என்று எல்லோர் குரலும் டெல்லிக்குக் கேட்கிறது. வாசித்தவர் குரல் கேட்கவில்லை என்றால், கேட்கும்படி நாம் சொல்லவில்லை என்பதும் அதில் பாதி.

இந்த இதழின் நிலை இதுதான். 2(கியூகியூ) வரம்புரை இசைக்கலைஞர்களுக்குப் பொருந்தாது என்று திருத்தம் வேண்டும். அதுவரை ஒவ்வொரு கால்ஷீட்டுக்கும் வாசித்தவர் பெயர், வாத்தியம், பாட்டு, தேதி எழுதிய தாளில் இசையமைப்பாளரோ அரேஞ்சரோ கையெழுத்திட வேண்டும். தயாரிப்பாளர் போடாவிட்டாலும், ஸ்ட்ரீமிங் தளத்துக்குப் பாட்டோடு போகும் விவரக் குறிப்பில் அந்தப் பெயர்களைச் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டும்.

நடுப்பக்கத்தில் அதற்கான படிவம் இருக்கிறது. மூன்று படி எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று உங்களுக்கு, ஒன்று யூனியனுக்கு, ஒன்று எங்களுக்கு. பழைய நோட்டு வைத்திருப்பவர்கள் அதையும் நகல் எடுத்து அனுப்புங்கள். நீல மை மங்கியிருந்தால் அலுவலகத்துக்கே கொண்டுவாருங்கள், நாங்கள் உட்கார்ந்து படித்து எழுதிக்கொள்கிறோம்.