படையல் சோறும் பிறர் மனச்சாட்சியும்: கிறிஸ்தவரின் சுதந்திரம் குறித்த நிலைப்பாடு

கோயிலில் படைத்த உணவைக் கிறிஸ்தவர் உண்ணலாமா என்பது மட்டக்களப்பு மாவட்டத்து வந்தாறுமூலையில் வெறும் வேதபாடக் கேள்வி அல்ல. தையில் பொங்கல், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆவணியில் பக்கத்துச் சித்தாண்டி முருகன் திருவிழா என்று வருடம் முழுக்க அயல்வீட்டுப் பாத்திரம் வேலி கடந்து வந்துகொண்டிருக்கும். ஊரில் பெரும்பான்மை சைவர்கள். மட்டக்களப்பில் கத்தோலிக்கம் போர்த்துக்கேயர் காலத்தது. மெதடிஸ்த ஊழியம் 1814இல் வில்லியம் ஓல்ட் வந்திறங்கியதோடு தொடங்கியது. பெந்தெகொஸ்தே சபைகள் பிந்தி வந்தவை. பாத்திரத்தை வாங்கும் கை ஒவ்வொரு சபையிலும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்கிறது. ஆகவே எங்கள் கிறிஸ்தவ ஐக்கியம் தன் நிலைப்பாட்டை எழுதிவைக்கிறது.

ஏறக்குறைய கி.பி. 55இல் கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் 8 முதல் 10 வரையான அதிகாரங்கள் இதே சிக்கலைத்தான் கையாளுகின்றன. கொரிந்துவில் கோயிலில் பலியிட்ட இறைச்சி சந்தைக்கும் வந்தது. விக்கிரகம் ஒன்றுமில்லை, ஆகவே எதையும் உண்ணலாம் என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள். விக்கிரகம் ஒன்றுமில்லை என்பதைப் பவுல் ஒப்புக்கொண்டார். அதை வைத்து அவர்கள் செய்த முடிவை ஒப்புக்கொள்ளவில்லை. சந்தையில் விற்பதை விசாரணையில்லாமல் வாங்கலாம். விருந்துக்கு அழைத்தால் போய் உண்ணலாம். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால், சொன்னவரின் மனச்சாட்சிக்காக விட்டுவிட வேண்டும். படையல் பந்தியிலேயே பங்காளியாவது மட்டும் கூடாது.

இதன்படி, வேலி கடந்து வரும் பொங்கல் வெறும் உணவே. அதை நன்றியோடு வாங்கி உண்ணலாம். தன் பெயரில் அர்ச்சனை செய்விப்பது வழிபாடு. அது கிறிஸ்தவருக்கு உரியதல்ல. இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை உண்டு. பொங்கலை வாங்கிய வீட்டு மேசையில், சென்ற வருடம்வரை கோயில் சடங்கிலே நேர்த்திக்கடன் செலுத்திய புது விசுவாசி ஒருவர் இருக்கிறார். அந்தச் சோற்றைத் தின்றால் பழைய வழிக்கே திரும்பியதாகிவிடும் என்று உள்ளுக்குள் அஞ்சுகிறார். வீட்டார் உண்பதைப் பார்த்து அவரும் மனமில்லாமல் கை வைத்தால் அதுவே இடறல். அந்த வேளைக்குப் பாத்திரத்தை மூடி வைப்பதால் வீட்டாருக்கு நட்டமொன்றும் இல்லை.

ஆனால் இடறல் வேறு, மனக்கசப்பு வேறு. தன் மனச்சாட்சி பாவமென்று சொல்வதை இன்னொருவர் செய்ய இழுபட்டால் அது இடறல். பக்கத்து வீட்டாள் தாலி போடுகிறாள், பூ வைக்கிறாள் என்று முகம் சுளிப்பவர் எங்கும் இடறவில்லை. அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பல வருடம் சபையில் இருந்தவர்கள் “எனக்கு இடறலாக இருக்கிறது” என்று சொல்லியே இளையவர்களை அடக்குவது பவுல் சொன்ன கரிசனையைத் தலைகீழாக்குவதாகும்.

பிறர் என்ற கணக்கில் சபைக்கு வெளியே உள்ளவரும் அடங்குவர். அயலார் அன்போடு கொடுத்ததைப் பேய்க்குப் படைத்ததென்று முகத்துக்கு நேரே சொல்லித் திருப்பி அனுப்புவது விசுவாசத்துக்குச் சாட்சி அல்ல, அவமரியாதை. உண்ண மனமில்லாதவரும் இரு கையால் வாங்கலாம்.

மரண வீடுதான் மிகக் கடினம். சைவத் தகப்பன் இறந்துவிட, கிறிஸ்தவனான மூத்த மகனே கொள்ளி வைக்க வேண்டியவனாகிறான். எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் சடங்குகளும் பின்னால் வருகின்றன. இங்கே ஐக்கியம் ஒரே விதியை வைக்க மறுக்கிறது. தாயின் துக்கத்தையும் தன் மனச்சாட்சியையும் அறிந்தவன் அந்த மகனே. கொள்ளி வைத்தாலும் தம்பியிடம் விட்டாலும் முடிவு அவனுடையது. பாடை சுமக்கவும், பந்தலில் நின்று வேலை செய்யவும், செலவில் தன் பங்கைக் கொடுக்கவும் அவன் பின்நிற்கக் கூடாது. மரண வீட்டுக்குப் போகாதே என்று தடுக்கும் உரிமை எந்தப் போதகருக்கும் இல்லை.

மதுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். குடிப்பதா விடுவதா என்பது தனியாள் தீர்மானம். குடியால் குலைந்த வீடுகள் ஊரில் இருக்கையில், கிறிஸ்தவர் வீட்டுக் கலியாணத்தில் அது பரிமாறப்படக் கூடாது.

வழிபாட்டுச் சத்தத்துக்கும் பிறர் நலம் என்ற இதே அளவுகோல்தான். இலங்கை அரசியலமைப்பின் 10ஆம், 14ஆம் உறுப்புரைகள் சமயச் சுதந்திரத்தையும் வழிபடும் உரிமையையும் தருகின்றன. ஒலிபெருக்கி அந்த உரிமையின் பகுதி அல்ல. 2007இல் வெலிகமப் பள்ளிவாசல் வழக்கில் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைப் பொதுவாகத் தடுத்தது; அது எல்லாச் சமயத்தாருக்கும் உரிய கட்டளை. 1986 முதல் கிழக்குப் பல்கலைக்கழகம் இயங்கும் ஊர் இது. வளாகத்தைச் சுற்றிய வாடகை அறைகளில் பிள்ளைகள் படிக்கிறார்கள். சட்டம் அனுமதிக்கும் மாலை வேளையிலும், பரீட்சைக் காலத்தில் வீட்டுக் கூட்டங்களில் ஒலிபெருக்கிப் பெட்டிச் சத்தம் மதிலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது சபையின் பொறுப்பு.

இவை ஆலோசனைகள், சபை ஒழுங்குச் சட்டமல்ல. பொங்கல் உண்டதற்காகவோ, உண்ண மறுத்ததற்காகவோ, தகப்பனுக்குக் கொள்ளி வைத்ததற்காகவோ எவரையும் திருவிருந்திலிருந்து விலக்கக் கூடாது.