எல்லா வலிக்கும் உருவி விடலாமா?

கபடியில் கால் பிசகினால் உடனே என்ன செய்கிறோம்? தைலம் தடவி, "பல்லைக் கடிச்சுக்கடா"ன்னு அழுத்தி உருவுறோம். போன மாதம் என் உயிர் நண்பன் எனக்கு அப்படித்தான் உருவினான். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. எக்ஸ்ரே எடுத்தால், எலும்பில் விரிசல்!

என் கருத்து இதுதான். ஓடிக் களைத்த தசையை இதமாக நீவி விடலாம், சுகமா இருக்கும். ஆனால் வீங்கிய சுளுக்கை முதல் 48 மணி நேரம் தேய்க்கவே கூடாது. காலை உயர்த்தி வைத்து, ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்க. ஊன்றி நாலு அடி வைக்க முடியலையா? டாக்டரிடம் போங்க.

நண்பன்மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனா அன்பு மட்டும் போதாது, அறிவும் வேணும்!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்