குகைக்குள் ஸ்கூட்டர்: மலிவுதான், ஆனால் திரும்பி வர வேண்டுமே!

தலைப்பைப் பார்த்துவிட்டு பஜாஜா, டிவிஎஸ்ஸா என்று கேட்காதீர்கள். இது தண்ணீருக்கு அடியில் ஓடும் ஸ்கூட்டர். பார்க்க ஒரு குட்டி டார்பிடோ மாதிரி இருக்கும். உள்ளே பேட்டரியும் மோட்டாரும், பின்னால் ஒரு விசிறி. டைவர் பிடித்துக்கொண்டால் போதும், அது இழுத்துக்கொண்டு போகும். கடலில் மீன் பார்க்கப் போகிறவர்களுக்கு ஜாலியான சமாச்சாரம். அதையே தண்ணீர் நிறைந்த குகைக்குள் கொண்டுபோகும்போதுதான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

கடலில் ஏதாவது கோளாறு என்றால், அதிக ஆழத்தில் நெடுநேரம் இருக்காதவரை, மெதுவாக மேலே வந்துவிடலாம். குகையில் மேலே பாறை. வந்த வழியேதான் திரும்ப வேண்டும். 2018-ல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் சிக்கிக்கொண்டதை டிவியில் பார்த்தவர்களுக்கு இது புரியும். அங்கே காற்று சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும்போது இறந்துபோன சமன் குணான், கடற்படையில் பயிற்சி பெற்றவர்.

ஆனால் ஸ்கூட்டர் இல்லாமல் நெடுந்தூரக் குகை ஆராய்ச்சி நடக்காது என்பதும் உண்மை. அமெரிக்காவின் புளோரிடாவில் 2007 டிசம்பரில் ஜாரட் ஜப்லான்ஸ்கி, கேசி மெக்கின்லி என்ற இருவரும் ஒரு வாயில் இறங்கி, சுமார் 11 கிலோமீட்டர் தண்ணீருக்கு அடியிலேயே போய், வக்குல்லா ஊற்று வழியாக வெளியே வந்தார்கள். கால் உதைத்து நீந்தி இந்தத் தூரத்தைக் கடக்க முடியாது.

அந்த மாதிரி ஆட்கள் பயன்படுத்தும் வண்டிகளின் விலை மயக்கம் வரவைக்கும். அதனால்தான் அமெரிக்காவின் டைவ் எக்ஸ்ட்ராஸ் கம்பெனி பிளாக்டிப் என்ற மாடலைக் கொண்டுவந்தபோது பலரும் ஆர்வமானார்கள். இத்தாலியின் சூயெக்ஸ் போன்ற உயர்ரக வண்டிகளோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. காரணம் பேட்டரி. தனியாகத் தயாரித்த பேட்டரி கிடையாது. தச்சர்கள் டிரில்லிங் மெஷினில் மாட்டுவார்களே, டிவால்ட் மாதிரி, அதே பேட்டரி இரண்டு. பழசானால் ஹார்டுவேர் கடையில் புதிது வாங்கிக்கொள்ளலாம். விமானத்திலும் வசதி: 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 90 வாட்-அவர், 100-க்குள் அடங்கிவிடும். (12 ஆம்பியர்-அவர் என்றால் 216. பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.)

சரி, இது குகைக்குப் போதுமா? வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது என்ன வேகம், எத்தனை நிமிடம் ஓடும் என்பதைத்தான். இரண்டுமே தவறான கேள்விகள். பாதி வழியில் இது நின்றுபோனால் என்ன ஆகும் என்பதுதான் சரியான கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு. குகை டைவிங்கில் பிரபலமான விதி: காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு வெளியே வர, ஒரு பங்கு ஆபத்துக்கு. ஒருவரிடம் 12 லிட்டர் சிலிண்டர் இரண்டு, 200 பார் அழுத்தத்தில். மொத்தம் 4800 லிட்டர் காற்று. தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் 20 மீட்டர் ஆழத்தில் 60 லிட்டர் செலவழிப்பார், அங்கே அழுத்தம் மூன்று மடங்கு என்பதால். ஸ்கூட்டர் நிமிடத்துக்கு 45 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 நிமிடத்தில் 900 மீட்டர் உள்ளே. செலவு 1200 லிட்டர். மூன்றில் ஒரு பங்கான 1600-ஐக்கூட அவர் தொடவில்லை. பத்திரமாக இருப்பதாகத்தான் நினைப்பார்.

அங்கே மோட்டார் நின்றுவிடுகிறது. நீந்தினால் நிமிடத்துக்கு 15 மீட்டர். வெளியே வர 60 நிமிடம், 3600 லிட்டர். மிச்சம் இருப்பதும் மிகச் சரியாக 3600! குகை வாசலில் சிலிண்டர் காலி. அதுவும் பதற்றமில்லாமல், மூச்சு வாங்காமல் நீந்தினால். விதியை மீறாமலேயே மனிதர் செத்துப்போகலாம். மூன்றில் ஒரு பங்கு என்ற விதியின் எளிய கணக்கு, போன வேகத்திலேயே திரும்பலாம் என்று நம்பிப் போட்டது. ஸ்கூட்டர் அந்த நம்பிக்கையைத்தான் உடைக்கிறது. புளோரிடாவின் ஊற்றுக் குகைகளில் தண்ணீர் வெளியே தள்ளுவதால் திரும்புவது கொஞ்சம் சுலபம். மெக்சிகோ குகைகள் பலவற்றில் அந்த உதவியும் பெரிதாகக் கிடையாது.

கூட வருகிறவர் இழுத்து வருவாரே என்பார்கள். வருவார். அப்போது அவருடைய வண்டி இரண்டு ஆட்களையும் ஒரு செத்த ஸ்கூட்டரையும் சேர்த்து இழுக்க வேண்டும். வேகம் குறையும், பேட்டரி வேகமாகக் கரையும். ஆகவே இழுக்கும் திறனும், திரும்பும் நேரத்தில் மிச்சமிருக்கும் சார்ஜும்தான் மதிப்பீட்டில் முக்கியம். பெட்டியில் அச்சடித்த நிமிடங்களை நம்பாமல், திறந்த தண்ணீரில் பேட்டரி தீரும்வரை ஓட்டிக் கடிகாரத்தில் பார்க்க வேண்டும். பேட்டரிக்கு வயதாக ஆக மறுபடியும் பார்க்க வேண்டும்.

இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொள்ளும் பொம்மை ரக ஸ்கூட்டர்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. குகையில் ஒரு கை விளக்குக்கும் கயிற்றுக்கும் வேண்டும். இடுப்பு வாரில் கொக்கி மாட்டி இழுக்கும் வகைதான் சரி. வழிகாட்டிக் கயிறு விசிறியில் சுற்றிக்கொண்டால், கயிறும் போச்சு வண்டியும் போச்சு.

விலையை ஒப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒரு மலிவு வண்டியை ஒரு விலை உயர்ந்த வண்டியோடு ஒப்பிடுகிறார்கள். அடக்கவிலைக் கணக்கு தெரிந்தவர் அப்படிச் செய்யமாட்டார். எவ்வளவு காசு கொடுத்தாலும் ஒரு மோட்டார் என்பது ஒரு மோட்டார்தான், அது நிற்கலாம். தூரம் போக ஆசைப்படுகிறவர் அந்தக் காசில் இரண்டு மலிவு வண்டி வாங்கி, ஒன்றைப் பின்னால் கட்டி இழுத்துப் போவது மேல். ஸ்கூட்டருக்கென்று உள்ள குகைப் பயிற்சிக்கும், கூடுதல் சிலிண்டருக்கும் ஆகும் செலவையும் அதோடு சேர்த்துத்தான் விலை என்று சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு மலிவு ஸ்கூட்டர்தான் கட்டுப்படியாகும் என்பவருக்கும் வழி இருக்கிறது. மேலே சொன்ன அதே டைவர், ஆபத்துக்கான 1600 லிட்டரைத் தொடாமல் நீந்தித் திரும்ப வேண்டுமென்றால் 900 மீட்டர் போகக்கூடாது, 600 மீட்டர்தான். போக 800 லிட்டர், வர 2400. பதின்மூன்றாவது நிமிடத்தில் வண்டியைத் திருப்பிவிட வேண்டும், பேட்டரியில் இன்னும் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும்.