இருட்டு எல்லோருக்கும் ஒன்றல்ல!

வெளிநாட்டு வாழ்க்கை என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது, பனியில் குடும்பத்தோடு நின்று எடுத்துக்கொண்ட போட்டோதான். குழந்தை தலையில் குல்லா, பின்னால் வெள்ளை வெளேரென்று மரங்கள், எல்லோர் முகத்திலும் சிரிப்பு. அந்த போட்டோ அநேகமாக மதியம் பன்னிரண்டு மணிக்குப் பக்கத்தில் எடுத்ததாக இருக்கும். ஏனென்றால் ஸ்வீடன், நார்வே, பின்லாந்து போன்ற நாடுகளில் டிசம்பர் மாதம் போட்டோ எடுக்கும் அளவுக்கு வெளிச்சம் இருப்பதே சில மணி நேரம்தான்!

ஸ்டாக்ஹோமை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 21ஆம் தேதி வாக்கில் அங்கே சூரியன் உதிக்கும்போது காலை எட்டே முக்கால் ஆகிவிடுகிறது. மதியம் மூன்று மணிக்குள் மறைந்தும் விடுகிறது. மொத்தம் சுமார் 6 மணி நேரப் பகல். அதே நாளில் சென்னையில் 11 மணி நேரத்துக்கும் மேல் பகல் உண்டு. அந்த 6 மணி நேரமும் வெயில் அடிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் மேகம்தான்.

இந்த இருட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் யாரும் பேசுவதில்லை. ஒரே வீட்டில் இருந்தாலும் இந்த இருட்டு எல்லோர் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை!

வேலை விசாவில் அங்கே போகும் ஒரு சாதாரணக் குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். கணவனுக்கு மென்பொருள் வேலை. மனைவி கோயம்புத்தூரில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுக் கூட வந்திருக்கிறார். மூன்று வயதில் ஒரு குழந்தை.

கணவன் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறான். உண்மைதான். ஆனால் நடுவில் எட்டு மணி நேரம் அவனைச் சுற்றி மனிதர்கள் இருக்கிறார்கள். ஸ்வீடனில் காபி இடைவேளைக்கு 'ஃபீகா' என்று பெயர். வேலையை வைத்துவிட்டு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதுதான் அதில் முக்கியம், காபி இரண்டாம் பட்சம். அவன் பேசுகிறான், சிரிக்கிறான், திட்டு வாங்குகிறான். அன்றைய நாள் அவனுக்கு நகர்ந்துவிடுகிறது.

குழந்தைக்கு இன்னும் சுலபம். அங்கே மழலையர் பள்ளியில் மழையோ பனியோ, குழந்தைகளை வெளியே விளையாட விடுகிறார்கள். தலை முதல் கால் வரை மூடும் ஒரே உடுப்பைப் போட்டுக்கொண்டு பனியில் உருளுகின்றன. "மோசமான வானிலை என்று ஒன்று இல்லை, மோசமான உடைதான் உண்டு" என்பது அந்த ஊர்க்காரர்களின் வாய்மொழி. இரண்டாவது குளிர்காலத்தில் குழந்தை ஸ்வீடிஷ் மொழியில் சண்டை போடக் கற்றுக்கொண்டுவிடும்.

மனைவிக்கு?

குழந்தையை விட்டுவிட்டு வீடு திரும்பினால் நான்கு சுவர். மதியம் மூன்று மணிக்கு ஜன்னலுக்கு வெளியே கருப்பு. ஊருக்கு போன் போடலாம் என்றால் குளிர்காலத்தில் நேர வித்தியாசம் நாலரை மணி. அங்கே மாலை ஆறு என்றால் இங்கே இரவு பத்தரை. அம்மா தூங்கியிருப்பார். இருட்டு மிகவும் கனமாக இருக்கும் அந்த நேரத்தில் பேசுவதற்கு ஒருவர் கிடையாது. கணவன் வந்ததும் "ஏன் இப்படி டல்லா இருக்க?" என்று கேட்பான். அவள் "இருட்டு ஒத்துக்கல" என்பாள். அவனும் நம்பிவிடுவான். அடுத்த நாள் இன்னொரு விளக்கு வாங்கி வருவான்.

இருட்டுதான் காரணமா?

நார்வேயின் வடக்கே டிரோம்சோ என்று ஒரு நகரம் இருக்கிறது. நவம்பர் கடைசி வாரம் தொடங்கி ஜனவரி நடு வரை அங்கே சூரியன் தொடுவானத்துக்கு மேல் வருவதே இல்லை. ஸ்டாக்ஹோமே பரவாயில்லை என்று தோன்றும் ஊர். இருட்டு மட்டும்தான் காரணம் என்றால் அங்கே எல்லோரும் சோர்ந்து கிடக்க வேண்டும். காரி லைபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் 2014-15இல் அங்கே தங்கி இதை ஆராய்ந்தார். 2020இல் வெளியான அவரது ஆய்வு சொன்னது வேறு. நார்வேயில் வடக்கே போகப் போக, குளிர்காலத்தைப் பற்றி மக்களின் எண்ணம் இன்னும் நல்லதாகவே இருக்கிறதாம்! அப்படி நினைப்பவர்கள் தங்கள் வாழ்க்கையில் திருப்தியாகவும் இருக்கிறார்கள்.

இதைப் பிடித்துக்கொண்டு "எல்லாம் மனசுதான், நீ பாசிட்டிவா யோசி" என்று மனைவிக்கு அறிவுரை சொல்லக் கிளம்பிவிடக் கூடாது. குளிர்கால மனச்சோர்வு என்பது உண்மையான நோய். 1984இல் நார்மன் ரோசென்தாலும் அவருடைய குழுவினரும் அதை மருத்துவ உலகத்துக்கு விவரித்தார்கள். அதற்கு ஒளி சிகிச்சை உண்டு, மருந்து உண்டு. தேவைப்படுபவர் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். உடம்பு விஷயமும் இருக்கிறது. அந்த மாதங்களில் அவ்வளவு சாய்ந்து விழும் வெயிலில் தோல் வைட்டமின் டி தயாரிப்பதில்லை. கருத்த தோலுக்கு வெயில் இன்னும் அதிகம் வேண்டும். ஸ்வீடனில் எல்லாக் குழந்தைகளுக்கும் இரண்டு வயது வரை வைட்டமின் டி சொட்டு மருந்து தரச் சொல்கிறார்கள். சில குழந்தைகளுக்கு அதற்குப் பிறகும் தொடரச் சொல்கிறார்கள். குழந்தைக்கு மறக்காமல் சொட்டு மருந்து கொடுக்கும் அம்மா, தன் வைட்டமின் அளவைப் பார்த்திருப்பாரா என்பது வேறு கேள்வி.

ஆனால் மருந்தும் விளக்கும் தீர்க்க முடியாத ஒன்று இருக்கிறது. அதற்கு சாட்சி தமிழர்களே. போர் காரணமாக இலங்கையிலிருந்து போன தமிழர்கள் பலர் வட நார்வேயின் மீன்பிடி ஊர்களில் குடியேறி, மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலை செய்தார்கள். அப்படி ஓர் ஊரில் தங்கி ஆராய்ந்த நார்வே மானுடவியலாளர் ஆன் சிக்ஃப்ரிட் கிரோன்செத், 2010இல் புத்தகமாக எழுதினார். அங்கே தமிழர்கள் வலி, அசதி என்று மருத்துவமனைக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். டாக்டர்களுக்கோ உடம்பில் காரணம் கிடைக்கவில்லை. உறவுகளையும், தான் யார் என்பதை தினமும் சொல்லிக்கொண்டிருந்த அந்தச் சூழலையும் இழந்ததோடு அந்த வலியைச் சேர்த்துப் பார்க்கிறார் அவர்.

அகதியாகப் போனவரின் துயரமும், கம்பெனி டிக்கெட்டில் போனவரின் தனிமையும் ஒன்று இல்லை. இருந்தாலும் ஒரு பாடம் பொது. ஊரில் ஒருத்தி பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தங்கச்சி, அலுவலகத்தில் மேடம், கோயிலில் இன்னார் மருமகள். அங்கே போனதும் அத்தனையும் போய் "அவருடைய மனைவி" என்ற ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. கோடையில் பூங்காவில் நாலு பேரைப் பார்ப்பதால் அது தெரிவதில்லை. குளிர்காலம் அதை வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்? செய்ய நிறைய இருக்கிறது. ஸ்வீடனில் குடியிருப்பவராகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மொழி வகுப்பு இலவசம். சின்னக் குழந்தையோடு பெற்றோர் போய் உட்காரும் 'திறந்த மழலையர் பள்ளி' பல ஊர்களில் இருக்கிறது, அதுவும் இலவசம். நூலகங்களில் காபி குடித்துக்கொண்டே மொழி பழகும் கூட்டங்கள் நடக்கின்றன. மேகம் மூடிய பகலில்கூட வெளியே உள்ள வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். எனவே அந்த வகுப்புக்கு நடந்து போவதே பாதி வைத்தியம்.

ஆனால் "போயேன், யார் தடுத்தா?" என்று சொல்வதோடு கணவனின் கடமை முடிந்துவிடாது. வகுப்பு மாலையில் என்றால் அவன் நாலு மணிக்கே வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்வீடனில் அப்படிக் கிளம்புவதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. அங்கே அப்பாக்கள் செய்வதுதான் அது. வீடு பார்த்துக் கொடுத்து, டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கம்பெனிகளும், கூட வரும் துணைக்கு முதல் மாதத்திலேயே ஒரு மொழி வகுப்பைச் சேர்த்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? "இரண்டு வருஷம்தானே, பல்லைக் கடித்துக்கொள்" என்ற பேச்சையும் விட வேண்டும். இரண்டு வருஷம் ஐந்தாகிறது, ஐந்து பத்தாகிறது. காத்திருப்பவருக்கு மட்டும் ஒவ்வொரு குளிர்காலமும் முழுசாகக் கழிகிறது.

டிசம்பரில் ஸ்வீடனில் வீட்டுக்கு வீடு ஜன்னலில் விளக்கு வைக்கிறார்கள். திரையை மூடுவதில்லை. நம்மூர் கார்த்திகை விளக்கு மாதிரிதான், தெருவில் போகிறவருக்கும் சேர்த்து எரிகிற விளக்கு அது. டிரோம்சோவில் பொங்கலுக்கு ஒரு வாரம் கழித்து, ஜனவரி 21 அன்று, திரும்பி வரும் சூரியனைக் கொண்டாட ஊரே 'சூரிய பன்' வாங்கித் தின்கிறது. மேகம் மூடி சூரியன் தெரியாவிட்டாலும் பன் உண்டு!

அந்த ஊர்க்காரர்களுக்கு இருட்டு பிடித்துப்போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. இருட்டில் யாரும் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது என்று பல தலைமுறையாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். பனியையும் சம்பளத்தையும் பார்த்து விமானம் ஏறுகிறவர்கள் இதையும் கற்றுக்கொண்டால் நல்லது. இன்னொரு விளக்கு வாங்குவதற்கு முன்னால், வீட்டில் இருப்பவர் இன்றைக்கு எத்தனை பேரிடம் பேசினார் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்.