பெண்களுக்கு ஆர்வமில்லையாம்!

பொங்கல் விளையாட்டு விழா நடத்தும் இளைஞர் மன்றத்தாரிடம், பெண்களுக்கு ஏன் கபடி வைக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். "வெச்சா யாருங்க வர்றாங்க? பொம்பளப் புள்ளைங்களுக்கு அதுல ஆர்வமே இல்ல" என்பார்கள். படித்தவர்கள் இதையே கொஞ்சம் நாசூக்காகச் சொல்வார்கள்: மைதானம் எல்லோருக்கும் பொது, யாரும் தடுக்கவில்லை, வராதது அவரவர் விருப்பம்.

ஆர்வத்திலிருந்தே தொடங்குவோம். அந்த விழா நோட்டீஸில் ஆண்களுக்குக் கபடி, வாலிபால், ரொக்கப் பரிசு. பெண்களுக்குக் கோலப்போட்டி, மியூசிக்கல் சேர், எலுமிச்சம்பழமும் ஸ்பூனும். பரிசு எவர்சில்வர் குடம். இல்லாத போட்டிக்கு யார் பேர் கொடுப்பார்கள்? பள்ளியில் கோ-கோவும் த்ரோபாலும் ஆடிய பெண்கள்தானே இவர்கள்! பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார். பையன்களுக்கும் அதே கதிதான். ஆனால் அவர்களுக்குச் சாயங்காலம் பொட்டல் இருக்கிறது.

இடமும் பயிற்சியும் கிடைத்த பெண்கள் என்ன செய்தார்கள் என்பதும் ஊரறிந்ததுதான். மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் கால்பந்து லீக்கை வென்றது. சென்னை கண்ணகி நகர் கார்த்திகா, 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். நகரின் விளிம்புக்கு அனுப்பப்பட்டவர்களின் குடியிருப்பு கண்ணகி நகர். ஆர்வம் அங்கே மட்டும் முளைத்ததா என்ன?

அடுத்து, உடம்பு தாங்காது என்ற பழைய பல்லவி. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் சுருண்டு விழுந்ததாகப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. அதைச் சாக்காக வைத்து 1960 வரை ஒலிம்பிக்கில் அந்த ஓட்டத்தைப் பெண்களுக்கு நடத்தவே இல்லை. ஒலிம்பிக் மாரத்தானுக்குப் பெண்கள் 1984 வரை காத்திருந்தார்கள். மருத்துவத் தடை இல்லாத கர்ப்பிணிகள்கூட வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று இன்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. இதற்குமேல் இதில் பேச ஒன்றுமில்லை.

‘மைதானம் பொது’ என்பதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். நடுவில் இரண்டு, மூன்று கிரிக்கெட் ஆட்டம். ஓரத்தில் பைக்குகள். காம்பவுண்டுச் சுவர்மேல் நாலு பேர். டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தால் அந்தச் சுவரிலிருந்து என்ன கமென்ட் வரும் என்று அவளுக்குத் தெரியும், அவள் அம்மாவுக்கும் தெரியும். கழிப்பறை இருந்தால் பூட்டியிருக்கும். பந்து கண்ணுக்குத் தெரிகிற வரை பையன்கள் ஆடுவார்கள். அந்த நேரத்தில் அவள் தண்ணீர் பிடிக்கவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டில் இருந்தாக வேண்டும். கிராம ஊராட்சிகளுக்கு அரசு கொடுத்த கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு உங்கள் ஊரில் யார் கையில் இருக்கிறது? அதிலிருந்து ஒரு வாலிபாலையாவது பெண்கள் கேட்டு வாங்க முடியுமா?

பாதுகாப்பு பற்றிய அச்சத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். ஆனால் ராத்திரி டியூஷனுக்கு ஷேர் ஆட்டோ பேசிப் பெண்ணை அனுப்புகிற வீடுகள்தானே இவை. டியூஷனுக்கு வழி கண்டவர்கள் ஆட்டத்துக்கும் காண்பார்கள். அதற்குத் துணையாக மைதானத்தில் விளக்கு எரிய வேண்டும், பயிற்சி தர ஒரு பெண் இருக்க வேண்டும், பத்துப் பேராவது சேர்ந்து வர வேண்டும். அம்மாக்களும் ஆட வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டில் பல நாள் கிராம சபை கூடுகிறது. வாரம் இரண்டு மாலை மைதானம் பெண்களுக்கு, கழிப்பறைச் சாவி மகளிர் சுயஉதவிக் குழுவிடம் என்று தீர்மானம் எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டுப் பெண்களையும் அழைத்துப் போங்கள்.