எந்த நிறத்தில் வேண்டும்?

மான்செஸ்டரில் உத்தியோகம் பார்க்கும் என் நண்பரின் மகன் ஒரு மாத விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தான். என்னைப் பார்க்க வந்தவன் பேச்சுவாக்கில் தன் மின்சிகரெட்டின் பெருமையைச் சொல்லத் தொடங்கினான். கருவி அவன் கையில் இல்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அதை இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. ஆனால் அதைப் பற்றிய கேள்வித்தாள் ஒன்று அவனிடம் இருந்தது. அடுத்த மாதிரியை எப்படிச் செய்யலாம் என்று கம்பெனி தன் வாடிக்கைக்காரர்களின் அபிப்பிராயம் கேட்டு அனுப்பியிருந்தது. அதை என் முன்னே வைத்தான்.

"ஏதோ ஒண்ணைச் செஞ்சு எங்க தலையிலே கட்டறதில்லே மாமா. எங்களைக் கேட்டு, நாங்க சொல்றபடிதான் செய்யறான். போன தடவை பொத்தானைக் கொஞ்சம் மேலே தள்ளி வைக்கச் சொன்னோம், வச்சுட்டான். எங்க சொந்த டிசைன்னே சொல்லலாம்" என்றான்.

அவன் முகத்தில் தெரிந்த பெருமையைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் அல்ல; அந்தப் பெருமையை அவனுக்கு இவ்வளவு மலிவாக விற்றவர்கள் மேல்.

கேள்விகள் மொத்தம் 22. மேல்தகடு எந்த நிறத்தில் வேண்டும்? நீங்களே விரும்பிய தகட்டைக் கழற்றி மாட்டும்படி இருக்கலாமா? உடம்பு உலோகமா, ரப்பர் பூச்சா? பொத்தான் கட்டைவிரலுக்கு வாகாக இருக்க வேண்டுமா, இழுத்தாலே பற்றிக்கொள்ளும்படி இருக்கலாமா? வெளிச்சம் நீலமா, பச்சையா? வாசனையைப் பற்றி மட்டும் ஆறு கேள்விகள். நிகோடின் எவ்வளவு வேண்டும், அதைக் குறைத்துக்கொள்ள விருப்பமா என்று ஒரு கேள்விகூட இல்லை. நான் இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன்.

தொடர்கதை எழுதியே கை தேய்ந்தவன் நான். இந்த வித்தை எனக்கும் கொஞ்சம் தெரியும். கதாநாயகி யாரைக் கைப்பிடிக்க வேண்டும் என்று வாசகர்களே எழுதலாம் என்று பத்திரிகையில் ஓர் அறிவிப்புப் போட்டால் போதும். கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவியும். அவற்றில் ஒன்றிலாவது, 'இந்தக் கதையை இத்தோடு நிறுத்திவிடுங்களேன்' என்ற யோசனை இருந்து நான் பார்த்ததில்லை. இருந்திருந்தாலும் ஆசிரியர் அதை என் கண்ணில் காட்டியிருக்கமாட்டார். வாசகர் சொன்னபடி முடித்ததனால் அந்தக் கதை வாசகரின் சிருஷ்டி ஆகிவிட்டதா? ஆகவில்லை. அவர் அடுத்த வாரமும் பத்திரிகை வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் அவரைக் கேட்டோம். ஒரு வித்தியாசம் உண்டு. என் கதையை ஒரு வாரம் படிக்காமல் விட்டால் யாருக்கும் கை நடுங்காது.

இதனால் மின்சிகரெட் என்ற வஸ்துவே வெறும் மோசடி என்று நான் சொல்லுவதாக எண்ணிவிடக் கூடாது. அதன் ஆரம்ப சரித்திரத்தில் கௌரவமான மனிதர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவர் 1963-இல் புகையிலையும் நெருப்பும் இல்லாத சிகரெட்டுக்கு விண்ணப்பம் போட்டு, 1965-இல் காப்புரிமையும் வாங்கினார். வாசனையேற்றிய ஈரக் காற்றைச் சூடாக்கி இழுப்பதுதான் அவர் யோசனை. நிகோடினே கிடையாது. அதைத் தயாரித்து விற்க யாரும் முன்வரவில்லை. நாற்பது வருஷம் கழித்து, 2003-இல் சீனாவில் ஹோன் லிக் என்ற மருந்தியல் நிபுணர் இன்றைய கருவிக்கு வழிகாட்டியான ஒன்றைச் செய்தார். அவரே ஓயாமல் சிகரெட் பிடித்தவர்; தகப்பனாரையும் நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். கில்பர்ட் வேண்டாமென்று விட்ட நிகோடினை இவர் உள்ளே வைத்தார். வைத்ததனால்தான் அது விற்றது.

ஆரம்பத்தில் சந்தைக்கு வந்தவை சிகரெட் போலவே மெல்லியவை. பேட்டரியோ நோஞ்சான். நாலு இழுப்புக்குள் மூச்சு நின்றுவிடும். அப்போதுதான், புகைப்பதை விட வேண்டும் என்று உண்மையாகவே தவித்த சிலர் தாங்களே காரியத்தில் இறங்கினார்கள். டார்ச் லைட்டின் குழாயை எடுத்து, அதற்குள் பெரிய செல்லைப் போட்டு, முனையில் சூடேறும் சுருளைப் பொருத்தினார்கள். 2008-ஆம் ஆண்டளவில் பிரிட்டனில் 'ஸ்க்ரூட்ரைவர்' என்ற பெயரில் வந்த கருவி அந்த வம்சத்தின் மூத்த பிள்ளை. பிறகு லேத்தில் கடைந்த பித்தளைக் குழாய்கள் வந்தன, மரப்பெட்டிகள் வந்தன, வாட் கணக்கை நிறுத்திவைக்கும் மின்பலகைகள் வந்தன. கம்பியை அவரவரே சுற்றினார்கள்; பஞ்சை அவரவரே திணித்தார்கள். அந்தக் கம்பிக்குக் காந்தல் என்று பெயர். ஸ்வீடன் தேசத்துக் கம்பெனியின் பெயர் அது. நம் வீட்டு அடுப்படிக் காந்தலுக்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் பஞ்சு காய்ந்தபின் இழுத்தால் வாயில் வருவது நம் காந்தல்தான்.

இவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. விரல் நுனியில் கணக்கு வைத்திருந்தார்கள். நன்றாகச் சார்ஜ் ஏறிய செல்லின் 4.2 வோல்ட்டை அரை ஓம் சுருளில் விட்டால் 35 வாட் வரும், செல் எட்டு ஆம்பியருக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்துகொண்டுதான் பொத்தானை அமுக்க வேண்டும். தெரியாமல் அமுக்கினால் செல் வெடிக்கும். கருவி வெடித்து 2018-இல் ஃப்ளோரிடாவில் ஒருவரும் 2019-இல் டெக்ஸாஸில் ஒருவரும் உயிரையே விட்டார்கள். ஒருவர் கற்றதை மற்றவருக்குச் சொன்னார். ஒருவர் சுட்டுக்கொண்டதைப் பார்த்து மற்றவர் திருத்தினார். கூடிச் செய்வது என்றால் அதுதான்.

அதோடு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அந்த மனிதர்களுக்கு நான் அநியாயம் செய்தவனாவேன். அவர்கள் கருவிக்குள் ஊற்றிய திரவம் படிப்படியாகக் கிடைத்தது. ஒரு மில்லி லிட்டரில் 18 மில்லிகிராம் நிகோடின், பிறகு 12, பிறகு 6, 3, கடைசியில் பூஜ்யம். திரவத்தைத் தாங்களே கலந்துகொண்டவர்களும் உண்டு. எல்லாரும் கடைசிப் படிவரை இறங்கினார்கள் என்று சொல்லமாட்டேன். பலர் ஆறிலும் மூன்றிலும் உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் படி இருந்தது. இறங்குகிறவன் கையில் கைப்பிடியும் இருந்தது. அந்தக் கருவிகளில் இருந்த எத்தனையோ திருகு, பொத்தான், தகடுகளில் மனிதனுக்கு உண்மையான சுதந்திரம் தந்த ஒரே விஷயம் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் படியைத்தான் பிடுங்கினார்கள்.

2015-இல் அமெரிக்காவில் ஜூல் என்ற கருவி வந்தது. அதைச் செய்த இருவரும் ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையில் வடிவமைப்புப் படித்தவர்கள், புகைத்தவர்கள். சிறிய தகடு; மூடி முத்திரையிட்ட கெட்டில்; பொத்தானே கிடையாது. நிகோடினை பென்சாயிக் அமிலத்தோடு சேர்த்து உப்பாக்கியதால் தொண்டையில் காரம் தெரியாமல் இறங்கியது. எடையில் 5 சதவீதம் நிகோடின். ஒரு மில்லி லிட்டருக்கு ஏறக்குறைய 59 மில்லிகிராம். ஐரோப்பாவில் சட்டம் அனுமதித்த உச்சவரம்பு 20. மூன்று சதவீதக் கெட்டில் அமெரிக்காவில் வர 2018 ஆயிற்று. மாம்பழமும் புதினாவும் மட்டும் சுணங்காமல் வந்தன.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் மின்சிகரெட் பிடித்தவர்கள் 2017-இல் 11.7 சதவீதம்; 2018-இல் 20.8, 2019-இல் 27.5. அந்த நடுவருஷத்தின் டிசம்பரில்தான் மார்ல்பரோ சிகரெட்டை விற்கும் ஆல்ட்ரியா கம்பெனி 1,280 கோடி டாலர் கொட்டி ஜூலில் 35 சதவீதப் பங்கு வாங்கியது. சிகரெட்டை ஒழிக்கப் பிறந்த பிள்ளையைச் சிகரெட் வீட்டிலேயே தத்து எடுத்துக்கொண்டார்கள்.

இதைச் சொன்னதும் பையன் குறுக்கிட்டான்: "ஜூலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லே மாமா. அதிலே மாத்தறதுக்கு ஒண்ணுமே கிடையாது. இது நம்ம இஷ்டப்படி மாத்திக்கலாம்."

எதை மாற்றிக்கொள்ளலாம்? தகட்டை! பிரிட்டனில் ஒரு தடவை பிடித்துவிட்டு எறியும் கருவிகளுக்கு 2025 ஜூன் முதல் தேதியிலிருந்து தடை. வாரத்துக்கு ஐம்பது லட்சம் கருவிகள் குப்பைக்குப் போகின்றன என்று 2023-இல் கணக்குச் சொன்னார்கள். தடை வந்தது நியாயமே. கம்பெனிகள் ஏறத்தாழ அதே உருவத்தில் சார்ஜ் ஏற்றும் துவாரமும் மாற்றும் கெட்டிலும் வைத்துக் கடைக்கு அனுப்பிவிட்டன. அதில் வாங்குகிறவனிடம் கேட்பதற்கு மிச்சம் இருப்பது நிறம்தான். டார்ச் லைட்டைக் குடைந்தவன் கருவியின் வயிற்றை மாற்றினான். இவனுக்குச் சட்டையை மாற்றக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர்: உங்கள் விருப்பப்படி.

வாசனை விஷயத்தில் அபிப்பிராயம் கேட்பதில் இன்னொரு அபாயமும் இருக்கிறது. வெண்ணெய் வாசனை ஜனங்களுக்குப் பிடிக்கும். அதைத் தருவது டைஅசிட்டைல் என்ற பொருள். தின்றால் கெடுதல் இல்லை. 2000-ஆம் ஆண்டில், மிஸ்ஸௌரி மாநிலத்து மைக்ரோவேவ் பாப்கார்ன் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த எட்டுப் பேருக்கு மூச்சுச் சிறுகுழல்கள் தழும்பேறி அடைத்துக்கொள்ளும் நோய் இருப்பது வெளிவந்தது. தின்னலாம் என்பதால் சுவாசிக்கலாம் என்று ஆகாது என்பதை அவர்கள் நுரையீரலைக் கொடுத்து உலகத்துக்குக் கற்பித்தார்கள். பதினைந்து வருஷம் கழித்து ஹார்வர்ட் ஆராய்ச்சியாளர்கள் 51 வகை மின்சிகரெட் வாசனைகளைச் சோதித்தபோது 39-இல் அதே டைஅசிட்டைல் இருந்தது. சிகரெட் புகையிலும் அது உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சிகரெட்டுக்குத் தப்பி வந்தவனுக்கு அது சமாதானம் ஆகாது. பிரிட்டனில் இன்று அதைச் சேர்க்கக் கூடாது. யாரைக் கேட்டுத் தடுத்தார்கள்? வாக்கெடுத்திருந்தால் வெண்ணெய்தான் ஜெயித்திருக்கும். நுரையீரலுக்கு எது ஆகும் என்பது கைதூக்கித் தீர்மானிக்கும் விஷயமல்ல. அதற்கு ரசாயனம் தெரிந்தவனும் வைத்தியனும் வேண்டும். நிகோடினின் 20 மில்லிகிராம் வரம்பும் அப்படி வந்ததுதான். அவன் கருவியில் அவனைக் காப்பாற்றும்படியாக இருப்பவற்றில் பெரும்பகுதி அந்தக் கேள்வித்தாளில் இல்லாதவை.

இன்னும் ஒருவன் இருக்கிறான், யாரும் கேட்காதவன். பதினான்கு வயசுப் பையன். அவனுக்கு விற்பது சட்டப்படி குற்றம். அவனுக்கு எது பிடிக்கும் என்பதை முப்பது வயசுக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது குற்றமல்ல.

"அப்படின்னா சிகரெட்டே பிடிச்சுட்டு இருந்திருக்கலாம்கிறீங்களா?" என்று பையன் கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். அவன் ஒரு நாளைக்கு இருபது சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவன். ஆறு வருஷமாகச் சிகரெட்டைத் தொடவில்லை. எரியும் புகையிலையின் தாரையும் கார்பன் மோனாக்சைடையும் விட இந்த ஆவி எவ்வளவோ தேவலை என்று பிரிட்டிஷ் சுகாதாரத் துறையினர் சொல்லுகிறார்கள். நிகோடின் ஒட்டுப்பட்டையை விட இதன் உதவியால் சிகரெட்டை விட்டவர்கள் அதிகம் என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்லுகிறது. நான் மறுக்கவில்லை. உலகத்தில் வருஷத்துக்கு எழுபது லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கொல்லும் புகையிலையிலிருந்து ஒருவன் தப்பினால் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் தப்பினானா? "கடைசியா எப்போ இது இல்லாமே ஒரு நாள் இருந்தே?" என்று கேட்டேன். யோசித்தான். பதில் வரவில்லை. ஆறு வருஷத்தில் அவன் நான்கு கருவிகள் மாற்றியிருக்கிறான். நிகோடின் அளவு போன நாளில் இருந்ததுதான் இன்றும். மருந்தாகத் தொடங்கியது எப்போது சாப்பாடாக மாறியது என்று அவனுக்கே தெரியவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை அபிப்பிராயம் கேட்கும் கம்பெனி அந்தக் கேள்வியை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? இருபத்து மூன்றாவது கேள்வியாக, 'அடுத்த வருஷம் இதை நீங்கள் தூக்கியெறிவதற்கு நாங்கள் என்ன செய்யலாம்?' என்று போட்டால், மிச்சம் 22-க்கும் வேலை இல்லாமல் போய்விடுமே! இழுப்பை எண்ணி வாரத்துக்கு வாரம் அளவைக் குறைத்துக்கொண்டே போகும் ஒரு கருவி செய்ய முடியாத காரியமல்ல. சுருளின் சூட்டைப் பாகை பாகையாகக் காவல் காக்கிற பலகைக்குக் கூட்டலும் கழித்தலும் தெரியாதா? அந்தக் கருவியை முன்னால் வைத்துக்கொண்டு நிறம் கேட்கட்டும். நானும் ஒரு நிறம் சொல்லுகிறேன்.

நம் சர்க்காரின் யோக்கியதையையும் பார்க்கலாம். இங்கே தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் எல்லாம் குற்றம். முதல் தடவை விற்றால் ஒரு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். பீடியும் சிகரெட்டும் மட்டும் சந்திக்குச் சந்தி தொங்குகின்றன. ஒரு கதவைச் சாத்தியவர்கள் பெரிய கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

இருட்டத் தொடங்கியது. பையன் நாற்காலியில் நிலைகொள்ளாமல் இப்படியும் அப்படியும் நெளிந்தான். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அங்கே ஒன்றும் இல்லை. "இந்த ஒரு மாசமும் எப்படிச் சமாளிக்கிறே?" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இதோ வந்துடறேன் மாமா" என்று எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போனான். கேள்வித்தாள் மேஜைமேல் கிடந்தது. பத்து நிமிஷம் கழித்து அவன் திரும்பி வந்தபோது கூடம் முழுவதும் சிகரெட் வாடை அடித்தது.